மலைகளை மட்டமாக்கிய ஊர்: ‘தி கிவர்’ நாவல் வாசகர்களை ஏன் பிரிக்கிறது?

சரக்கு லாரிகள் ஏற்றத்தில் திணறுகின்றன, பஸ்கள் தாமதமாகின்றன என்பதற்காக ஓர் ஊரில் மலைகளையே இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். பனி விழுந்தால் பயிர் விளையும் காலம் குறைகிறது என்று பனியையும் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க எழுத்தாளர் லோயிஸ் லௌரி எழுதி 1993இல் வெளிவந்த ‘தி கிவர்’ நாவலில் இது சில வரிகளில் வந்துபோகும் செய்தி. கீழே சமவெளியில் உட்கார்ந்து படிப்பவர்கள் கவனிக்காமலே கடந்துவிடக்கூடும். கோத்தகிரியில் சனிக்கிழமை மாலைகளில் நான் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் பிள்ளைகள் அந்த வரிகளைக் கடக்க மறுத்துவிட்டார்கள். மேட்டுப்பாளையம் சாலையில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து, கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டலை அடக்கி வளர்ந்தவர்கள் அவர்கள். “லாரிக்காகவா டீச்சர் மலையை எடுத்தார்கள்?” என்று ஒருத்தி திரும்பத் திரும்பக் கேட்டாள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் விட்டபோது, 12 அடிக்கு ஓர் அடி உயரும் செங்குத்தில் ஏறுவதற்காகத் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்தார்கள். “அங்கே ரயிலை மலைக்குப் பழக்கினார்கள், இங்கே மலையை லாரிக்குப் பழக்கியிருக்கிறார்கள்” என்றான் இன்னொருவன்.

பதின்மூன்று முதல் பதினாறு வயது வரையுள்ள பன்னிரண்டு பேர். ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடித்தோம். முடிக்கும்போது அந்தப் பன்னிரண்டு பேரும் இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். அவர்கள் வீடுகளும் பிரிந்திருந்தன. ஓர் அப்பா மகளிடமிருந்து வாங்கி ஒரே இரவில் படித்துவிட்டு, காலையில் எனக்குத் தொலைபேசியில் நன்றி சொன்னார். ஓர் அம்மா நேரில் வந்து, இதை ஏன் பிள்ளை கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டார். இருவருமே தங்கள் பிள்ளையின் மீதுள்ள அக்கறையில்தான் பேசினார்கள். முப்பது ஆண்டுகளாக இந்த நாவல் போன இடமெல்லாம் இதுதான் நடந்துவருகிறது. ஏன் என்று விளக்கிப் பார்க்கவே இந்தக் கட்டுரை. கதையின் முடிவுவரை பேசியாக வேண்டியிருப்பதால், இன்னும் படிக்காதவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வருவது நல்லது.

கதை நடப்பது பெயர் சொல்லப்படாத ஓர் எதிர்காலச் சமூகத்தில். பசி இல்லை, போர் இல்லை, தெருச்சண்டை இல்லை. குடும்பம் என்றால் அப்பா, அம்மா, ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை; பிள்ளைகள் அவர்கள் வயிற்றில் பிறந்தவர்கள் அல்ல, விண்ணப்பித்துப் பெற்றவர்கள். இரவில் கண்ட கனவைக் காலையிலும், பகலில் பட்ட உணர்வை மாலையிலும் வீட்டில் ஒப்பிக்க வேண்டும். ஒன்பது வயதில் சைக்கிள் கிடைக்கும். பன்னிரண்டு வயதில் இன்ன வேலை என்று மூப்பர் குழு அறிவிக்கும். ஜோனாஸ் என்ற சிறுவனுக்கு மட்டும் எவருக்கும் கிடைக்காத வேலை கிடைக்கிறது. ஊர் மறந்துவிட்ட பழைய நினைவுகள் அனைத்தையும் தனி ஆளாகச் சுமக்கும் ஒரு முதியவரிடமிருந்து அவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த முதியவர்தான் ‘கிவர்’, தருபவர். பனிச்சறுக்கு, வெயில், நிறம், இசை என்று தொடங்கி எலும்பு முறிவு, பசி, போர் என்று அது நீள்கிறது. எதை விலையாகக் கொடுத்து இந்த அமைதியைத் தன் ஊர் வாங்கியிருக்கிறது என்பது அவனுக்கு மெல்லத் தெரிய வருகிறது.

1994இல் இந்த நாவலுக்கு நியூபெரி பதக்கம் கிடைத்தது. அமெரிக்கச் சிறார் இலக்கியத்தில் அதைவிடப் பெரிய மரியாதை இல்லை; லௌரிக்கு அது இரண்டாம் முறை. பள்ளிகள் பாடத்தில் சேர்த்தன. பெற்றோர்கள் நீக்கச் சொன்னார்கள். அமெரிக்க நூலகச் சங்கம் தொகுக்கும் பட்டியலில், 1990களில் அதிக எதிர்ப்புக்கு உள்ளான புத்தகங்களில் இது 11ஆம் இடத்தில் இருந்தது; அடுத்த பத்தாண்டில் 23ஆம் இடம். பதக்கம் கொடுத்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒரே பக்கங்களைத்தான் சுட்டிக்காட்டினார்கள். பிறகு 2008ஐ ஒட்டி, பதின்பருவத்தினருக்கான இருண்ட எதிர்கால நாவல்கள் அலையலையாக வந்தன. 2011 ஜூனில் ஒரு பெரிய அமெரிக்கப் பத்திரிகை, இளையோர் இலக்கியம் அளவுக்கு மீறி இருண்டுவிட்டது என்று எழுதியபோது, அந்த இருட்டுதான் எங்களைக் காப்பாற்றியது என்று ஆயிரக்கணக்கான இளம் வாசகர்கள் பதில் எழுதினார்கள். ஆனால் அந்தச் சண்டையின் வேர், இந்த நாவலின் பத்தொன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது.

அந்த அத்தியாயத்தைச் சொல்ல வேண்டும். ஜோனாஸின் அப்பா குழந்தைகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவர். மென்மையானவர், விளையாட்டுக்காரர், இரவில் அழும் ஒரு குழந்தையை வீட்டுக்கே கொண்டுவந்து வளர்ப்பவர். இரட்டையர் பிறந்தால் எடை குறைந்த ஒன்றை ‘விடுவித்து’ விட வேண்டும் என்பது ஊர் விதி. விடுவிப்பு என்றால் வேறிடத்துக்கு அனுப்பிவைப்பது என்றுதான் ஜோனாஸ் நம்பியிருக்கிறான். அன்றைய பதிவைக் கிவரோடு உட்கார்ந்து பார்க்கிறான். அப்பா அந்தச் சிசுவைக் கொஞ்சியபடியே எடை பார்க்கிறார், அதன் உச்சந்தலையில் ஊசி போடுகிறார், அது துடித்து அடங்குகிறது. அட்டைப்பெட்டியில் வைத்துக் கழிவுப் பாதையில் தள்ளும்போது கையசைத்து வழியனுப்புகிறார். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் இவ்வளவு உறைத்திருக்காது. நல்ல அப்பா ஒருவர், அதே மெல்லிய குரலில் செய்கிறார்.

என்னிடம் வந்த அம்மாவின் மகள், பதின்மூன்று வயதுக்காரி, இதை ஓர் இரவில் தனியாகப் படித்திருக்கிறாள். பிறகு மூன்று நாள் அப்பாவோடு சரியாகப் பேசவில்லையாம். அந்த அம்மா சொன்னதைக் கேட்டு நான் பதில் பேசாமல் இருந்தேன். புத்தகத்தின் பக்கம் நிற்பவள் நான். இருந்தாலும் அந்த மூன்று நாட்களைச் சாதாரணம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தமிழ் வாசகர்களுக்கு இந்தக் காட்சி தொலைதூரக் கற்பனை அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாவல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு, 1992இல்தான், பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. கள்ளிப்பால் என்ற சொல் நம் தலைமுறையின் காதில் இன்னும் இருக்கிறது. அந்தப் பாலைப் புகட்டியவர்களும் அரக்கர்கள் அல்லர். அதே வீட்டில் மற்ற பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சிய கைகள்தான் அவை. நாவலில் முதியோரையும் ஒரு நாள் குளிப்பாட்டி, வாழ்த்திப் பேசி, ‘விடுவிக்கிறார்கள்’. தென்மாவட்டங்களில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, இளநீர் கொடுத்து முதியவர்களை முடித்துவைத்த தலைக்கூத்தல் நினைவுக்கு வராமல் இந்தப் பக்கங்களை என்னால் படிக்க முடியவில்லை. அமெரிக்காவில் வாழும் ஒருவர் இதை எப்படி எழுதினார் என்று, ஒரே இரவில் படித்து முடித்த அந்த அப்பா வியந்தார். ஊர் அமைதிக்காகவும் வீட்டுக் கணக்குக்காகவும் பலவீனமானவர்களை ஓசைப்படாமல் கழித்துவிடுவது எங்கும் மனிதர்கள் செய்ததுதான். அதற்கு ஒரு நல்ல பெயர் வைப்பதும் எங்கும் நடந்ததுதான்.

அந்தப் பெயரில்தான் எங்கள் வட்டத்தின் மிக நீளமான மாலை கழிந்தது. ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் பேசுவது எங்கள் வழக்கம். முக்கியமான சொற்களுக்கு ஆளுக்கொரு தமிழ்ச்சொல் எழுதிவர வேண்டும். நாவலின் கொலைச்சொல்லுக்குப் பெரும்பாலோர் ‘விடுவிப்பு’ என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் ‘விடுதலை’ என்று எழுதிவந்தான். கொடியேற்றமும் பாரதியும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சொல்லை அங்கே வைத்துப் படித்துப் பார்த்ததும் அறை அமைதியாகிவிட்டது. அழகான சொல் கொலையை எவ்வளவு நன்றாக மூடுகிறது என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரின் கொள்கைக்கு நாவலில் ஒரு பெயர் உண்டு. எல்லாம் ஒரே மாதிரி இருப்பது என்று பொருள். அதற்கு ‘ஒருமை’ என்றார்கள், ‘சமத்துவம்’ என்றார்கள். கூடலூர் பக்கத்திலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் ஒருத்தி ‘சமவெளி’ என்று எழுதியிருந்தாள். மலையில் இருப்பவர்கள் தினமும் புழங்கும் சொல். சமவெளியில் வெயில் அதிகம், சமவெளிக்குக் காய்கறி போகிறது என்று செய்தித்தாளில் பார்க்கும் சொல். மேடும் பள்ளமும் எடுக்கப்பட்ட நிலம் என்ற பொருளோடு, மேடும் பள்ளமும் எடுக்கப்பட்ட வாழ்க்கை என்ற பொருளையும் அது அந்த மாலையில் சுமந்துகொண்டது. எந்தத் திறனாய்விலும் எனக்குக் கிடைக்காத விளக்கம் இது.

அதேபோல் ‘பனி’. ஜோனாஸ் பெறும் முதல் நினைவு, பனி மூடிய ஒரு மலைச்சரிவில் சறுக்குவண்டியில் இறங்குவது. ஆங்கிலத்தில் ஆகாயத்திலிருந்து விழும் வெண்பனிக்கு ஒரு சொல், தரையில் உறைவதற்கு ஒரு சொல், காற்றில் மிதப்பதற்கு ஒரு சொல். நமக்கு எல்லாமே பனி. நீலகிரியில் வெண்பனி விழுவதில்லை; டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனிதான். தலைக்குந்தாவில் புல்வெளி விடிகாலையில் உப்பு தூவியதுபோல் கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதை அள்ளிப் படம் எடுப்பார்கள். தேயிலை வைத்திருப்பவர்கள் கருகிய செடியைப் பார்த்து நிற்பார்கள். உதகை தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடுவார்கள். பனியைக் கண்டு ஜோனாஸ் துள்ளுவதும், பனியால் விளைச்சல் கெடுகிறது என்று ஊர் அதை நிறுத்தியதும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரே வீட்டில் நடக்கும் பேச்சாக இருந்தது. ஊரின் வாதத்தை அவர்கள் எளிதில் தள்ளிவிடவில்லை. கருகிய தேயிலைக்கு யார் காசு கொடுப்பார்கள் என்று ஒருவன் கேட்டான். அது நியாயமான கேள்வி. இந்த நாவலின் பலமே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: அந்த ஊரை முட்டாள்கள் கட்டவில்லை, களைத்துப்போனவர்கள் கட்டியிருக்கிறார்கள்.

எதிர்ப்புகளில் எனக்குப் புதியதாக இருந்தது ஒன்று. தொழிற்சங்கத்தில் நீண்டகாலம் இருந்த ஒரு தாத்தா, பேரனிடம் கதை கேட்டுவிட்டு, “சமமாக வாழ்ந்தால் நிறம் போய்விடும், பாட்டு போய்விடும் என்று பயமுறுத்துகிற கதை இது; பசியில்லாத ஊரைக் கெட்ட ஊர் என்று சொல்ல அமெரிக்காவில்தான் முடியும்” என்றாராம். ரேஷன் அரிசி எத்தனை வீடுகளைக் காப்பாற்றியது என்று அறிந்த மனிதரின் கோபம் அது. எடுத்த எடுப்பில் தள்ள முடியாது. பிள்ளைகள் நாவலுக்குள் போய்த் தேடினார்கள். அந்த ஊர் சமமான ஊரே அல்ல என்று கண்டுபிடித்தார்கள். பிள்ளை பெறுவதற்கென்று ஒதுக்கப்படும் பெண்களுக்கு அங்கே மதிப்பு கிடையாது. மூன்று பேறு முடிந்ததும் அவர்கள் கூலிவேலைக்குப் போய்விட வேண்டும். யாருக்கு எந்தத் தொழில் என்பதை அவரவர் தீர்மானிப்பதில்லை. இன்னாருக்கு இன்ன தொழில் என்று மேலிருந்து வகுப்பது நமக்கு எதை நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. கொழுந்து பறிப்பவர் மகள் கொழுந்து பறிக்க வேண்டும் என்று தோட்டங்கள் எத்தனை தலைமுறை எழுதாமல் வைத்திருந்த விதி அது! அமெரிக்காவில் பலர் இந்த நாவலைச் சோஷலிசத்துக்கு எதிரான கதையாகப் படித்தார்கள். கோத்தகிரியில் அது சாதியைப் பற்றிய கதையாகப் படிக்கப்பட்டது. தாத்தாவிடம் பேரன் இதைப் போய்ச் சொன்னானா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் நல்ல சண்டை நடந்திருக்கும்.

அறிவியல் புனைகதை விரும்பிகளின் குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தோலைத் தொட்டு நினைவு எப்படி இடம் மாறும், நிறம் தெரியாமல் ஒரு சமூகத்தையே எப்படி ஆக்க முடியும், சுமப்பவர் எல்லை தாண்டினால் நினைவுகள் எப்படி ஊருக்குத் திரும்பும் என்று அவர்கள் கேட்கிறார்கள். பதில் நாவலில் இல்லை. லௌரிக்கு அந்தப் பொறிமுறையில் அக்கறையும் இல்லை. இது உவமைக் கதையின் குடும்பத்தைச் சேர்ந்தது. எதிர்கால உடையை அணிந்திருக்கிறது. அந்த உடையைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்தது இயல்பு.

இனி, பிள்ளைகளுக்கு இருண்ட கதை ஆகாது என்ற வாதம். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நல்லதங்காள் நினைவுக்கு வருகிறாள். பஞ்சத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய், அண்ணியால் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் தள்ளி, தானும் விழுந்தவள். அந்தக் கதைப்பாடலைச் சிறுவர்களும் உட்கார்ந்திருந்த திண்ணையில்தான் பாடினார்கள். சிறுத்தொண்டர் தன் பிள்ளையை அறுத்துச் சமைத்த கதையைக் கோயிலில் எல்லா வயதினருக்கும் சொன்னார்கள். இருட்டு நமக்குப் புதிது அல்ல. ஆனால் இரண்டு வேறுபாடுகளைப் பார்க்க வேண்டும். சிறுத்தொண்டர் கதையில் சீராளன் கடைசியில் பள்ளியிலிருந்து ஓடிவருவதுபோல் வந்துவிடுகிறான். இருட்டுக்கு ஒரு கதவு போட்டிருந்தார்கள். இன்னொன்று, அந்தக் கதைகளைச் சொல்ல ஒருவர் இருந்தார். பயந்தால் பிடித்துக்கொள்ள ஒரு முழங்கால் பக்கத்தில் இருந்தது.

இன்றைய பிள்ளைகள் இருட்டைத் தெரிந்துகொள்வது வேறு வழியில். கிவர் தரும் நினைவுகளில் யானை வேட்டை ஒன்று உண்டு. தந்தத்தை வெட்டிக்கொண்டு மனிதர்கள் போனபின், இன்னொரு யானை காட்டிலிருந்து வந்து, செத்த உடலைத் துதிக்கையால் தடவி, கிளைகளை ஒடித்து அதன்மேல் போர்த்திவிட்டுப் பிளிறுகிறது. எங்கள் வட்டத்தில் இதைப் படித்தபோது யாரும் அதிரவில்லை. 2021 ஜனவரியில் மசினகுடியில் எரியும் டயரை எறிந்து விரட்டப்பட்டு, தீக்காயத்தோடு ஓடி, பிறகு இறந்துபோன யானையின் காணொளியை அவர்கள் எல்லோரும் பார்த்திருந்தார்கள். சிறு பிள்ளைகளாக இருந்தபோது, பெரியவர்களின் கைப்பேசியில், யாரும் பக்கத்தில் உட்கார்ந்து எதுவும் சொல்லாமல் பார்த்திருந்தார்கள். “புத்தகத்தில் இருக்கும் யானைக்கு அழ இன்னொரு யானை வருகிறது டீச்சர்” என்றாள் ஒருத்தி.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நாவலின் ஒரு சாதாரண விவரம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. நினைவுகளைத் தருவதற்குக் கிவர் ஒரு முறை வைத்திருக்கிறார். பையனைக் குப்புறப் படுக்கவைத்து, வெற்று முதுகில் இரு கைகளையும் வைக்கிறார். முதல் நாளில் போரைத் தருவதில்லை, பனிச்சறுக்கைத் தருகிறார். அடுத்து வெயிலின் சுகம், அதற்குப் பிறகே வெயில் சுட்ட எரிச்சல். வலியான நினைவுகள் தொடங்கிய பின்னரும் ஒவ்வொரு நாள் முடிவிலும் ஓர் இனிய நினைவைக் கொடுத்து அனுப்புகிறார். இதற்குப் பத்தாண்டு முன்பு ரோஸ்மேரி என்ற சிறுமிக்குத் தனிமையையும் இழப்பையும் வறுமையையும் தந்திருந்தார். அவள் தாங்க முடியாமல் தன்னை விடுவிக்கச் சொல்லிக் கேட்டு இறந்துபோனாள். அவள் அவருடைய சொந்த மகள். அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை லௌரி மறைக்கவில்லை. எதிர்ப்பவர்கள் சொல்லும் அச்சம் நாவலுக்கு உள்ளேயே, ரோஸ்மேரியின் உருவில் இருக்கிறது. ஆதரிப்பவர்கள் சொல்லும் நம்பிக்கையும் உள்ளேயே இருக்கிறது, முதுகில் வைத்த கைகளாக.

எனவே இந்தப் புத்தகத்தை எந்த வயதில் கொடுக்கலாம் என்ற கேள்வியைவிட, யாரோடு படித்தார்கள் என்ற கேள்வி வாசகர்களின் பிளவை அதிகம் விளக்குகிறது என்பது என் கணிப்பு. எங்கள் பன்னிரண்டு பேரில் நாவலை வெறுத்தவர்கள் பெரும்பாலும் முன்னால் ஓடிப்போய்த் தனியாகப் படித்து முடித்தவர்கள். அந்தப் பதின்மூன்று வயதுக்காரியும் அப்படித்தான். அதில் என் தவறும் உண்டு: பத்தொன்பதாம் அத்தியாயத்தை அறையில் சேர்ந்து படிப்போம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவள் அம்மாவிடம் இதை ஒப்புக்கொண்டேன்.

லௌரி இதை எழுத நேர்ந்த பின்னணியும் இதையே காட்டுகிறது. சிறுமியாக டோக்கியோவில் இருந்தபோது, வேலியிட்ட அமெரிக்கக் குடியிருப்புக்குள் வாழ்ந்தார். பாதுகாப்பான, பழக்கமான, எல்லாம் ஒரே மாதிரியான இடம். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலிக்கு வெளியே ஷிபுயாவின் இரைச்சலையும் வண்ணத்தையும் பார்க்கப் போவாராம். பல ஆண்டுகள் கழித்து அவருடைய அப்பா முதுமையில் நினைவை இழந்தார். இளம் வயதில் புற்றுநோயில் இறந்த மூத்த மகளின் படத்தைப் பார்த்து, அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்டார். வலியை மறப்பது சுகம்தான், ஆனால் அது பாதுகாப்பானதா என்ற கேள்வி அங்கே பிறந்தது என்று நியூபெரி ஏற்புரையில் லௌரி சொன்னார்.

நீலகிரியில் அந்தக் கேள்விக்கு ஒரு தனி எடை உண்டு. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அவர்களுக்கு வேலை தருவதற்காக 1968இல் தொடங்கியதுதான் இன்று டான்டீ என்று நாம் அழைக்கும் அரசுத் தேயிலைத் தோட்டம். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் எங்கும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. அரசுக் காகிதத்தில் அவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’. விடுவிப்பைப் போலவே இதுவும் மென்மையான சொல். பிறந்த மண்ணை விட்டு, பார்த்திராத ஊருக்குக் கப்பலேறியவர்களைத் திரும்பியவர்கள் என்றார்கள். அந்தத் தலைமுறையில் பலர் பேரப்பிள்ளைகளிடம் அதைப் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது என்பார்கள். பிள்ளைகளைக் காப்பதாக நினைத்தே பேசாமல் இருக்கிறார்கள்.

சமவெளி என்று எழுதிய அந்தப் பெண்ணின் அப்பாயி அப்படி வந்தவர். நாவல் முடிந்த வாரம் விடுமுறைக்குப் போனவள், “நீங்கள் அங்கிருந்து வந்தபோது என்ன கொண்டுவந்தீர்கள்?” என்று கேட்டிருக்கிறாள். ஒரு அம்மியை விட்டுவிட்டு வந்ததாகவும், அதில் அரைத்த சம்பலின் மணம் பற்றியும் அப்பாயி அன்று சொன்னாராம். அதற்கு மேல் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பனிச்சறுக்கு முதலில் வந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முடிவைப் பற்றிய சண்டைதான் மிச்சம். அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்த்த, கொல்லப்பட இருந்த கேப்ரியல் என்ற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜோனாஸ் ஓடுகிறான். ஊருக்கு வெளியே நிலம் மெல்ல மேடாகிறது. மலை வருகிறது, பனி விழுகிறது. பசியிலும் குளிரிலும் உடல் நழுவ, உச்சியில் ஒரு சறுக்குவண்டியைக் கண்டு ஏறி இறங்குகிறான். கீழே விளக்குகள், பாட்டுச் சத்தம். அது நிஜமா, உறைந்து சாகும் மூளை காட்டும் காட்சியா என்று நாவல் சொல்வதில்லை. பலருக்கு இது பொறுக்கவில்லை. இத்தனை இருட்டைக் கடத்திவந்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் போகிறாரே என்று கோபம். சீராளன் ஓடிவரும் கதையில் வளர்ந்த நமக்கு அந்தக் கோபம் இன்னும் இயல்பு. சரியான ஒரே முடிவு என்று ஒன்று இல்லை, அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது என்று லௌரி 1994இல் சொன்னார். பிறகு அவரே தொடர்ச்சியாக மூன்று நாவல்கள் எழுதினார். 2012இல் வந்த நான்காவதில் ஜோனாஸ் என்ன ஆனான் என்பது தெளிவாகிவிட்டது. அதைப் படித்து நிம்மதி அடைந்தவர்களும் உண்டு, எங்களிடமிருந்து ஏன் பறித்தீர்கள் என்றவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டம்.

கடைசி சனிக்கிழமை வட்டத்தில் கை தூக்கச் சொன்னேன். பிழைத்தான் என்று ஏழு பேர், இறந்தான் என்று ஐந்து பேர். இறந்தான் என்றவர்களில் மலையில் மாலை இருட்டியபின் நடந்து பழகியவர்களே அதிகம். குளிர் என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரியும். நான்காவது நாவல் என் பையில் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போகலாம் என்றேன். இரண்டு பேர் கை நீட்டினார்கள். கூடலூர்ப் பெண் எழுந்து, அவர்கள் படித்தால் படிக்கட்டும், முடிவை மட்டும் இங்கே சொல்லக் கூடாது என்றாள். அதற்கும் வாக்கெடுப்பு நடந்தது. புத்தகத்தை எடுத்துப் போனவர்கள் இன்றுவரை சொல்லவில்லை.